வாசலில் நிற்கும் ஏழாம் எண் பேருந்து

என் பிடிவாதக்காரனுக்கு,

மகள் இதை வாசித்துக் காட்டும்போது நடுவில் பேசாதே. உன் கண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. உன் தங்கை இருக்கும் இந்த டொபீகா ஊரில் நமக்கு வீடு எடுத்துவிட்டேன்.

தரகர் டார்லீன் காட்டியதெல்லாம் மூன்று கார் நிறுத்தும் வீடுகள். கடைக்கு நடந்து போகலாமா என்று கேட்டேன். "நடந்தா? இங்க குப்பை போடவே கார்லதான் போவோம்!" என்று சிரித்தாள். நான் விடவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் இறங்கி நடந்தேன். நடைபாதையே இல்லாத ஒரு தெருவில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னம்மா, கார் நின்னுபோச்சா? ஏறுங்க" என்றார். அந்தப் பகுதி வேண்டாமென்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் எடுத்தது சின்ன வீடுதான். ஆனால் வாசலிலேயே ஏழாம் எண் பேருந்து நிற்கிறது. முப்பத்தொரு வருஷம் நீ சிகாகோவில் பேருந்து ஓட்டியதை அதன் ஓட்டுநரிடம் சொன்னேன். பெருமையடித்துக்கொண்டேன், இல்லையென்று சொல்லவில்லை.

"முப்பத்தொண்ணா? அப்ப அவரு எங்காளு!" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் நம் வீட்டைத் தாண்டும்போது, எதிரே வரும் பேருந்துக்கு நீங்களெல்லாம் காட்டுவீர்களே, அதேபோல ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

நீ வராந்தாவில் உட்கார்ந்துகொள். பிரேக் சத்தம் கேட்டதும் உன் விரல்களைத் தூக்கு. அவள் காட்டினாளா என்று என்னைக் கேட்காதே. காட்டியிருப்பாள்.

கடைசி நிறுத்தம்வரை இறங்காத,
உன் முதல் பயணி