அக்கா கொடுத்த சுவிட்ச்

மார்ச் 3
இன்று மூன்று கீபோர்டுகள். மூன்றிலும் விசைக்கு அடியில் வேறு வேறு சுவிட்ச். காலையிலிருந்து ஒரே பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். முதலாவது வாய் ஓயாத விருந்தாளி. தட்டுக்குத் தட்டு டிக் டிக். இரண்டாவதில் பாதி வழியில் சின்ன முட்டு; எழுத்து விழுந்தது விரலுக்கே தெரிகிறது. மூன்றாவது அக்கா தன் கடைக்குப் புதிதாக இறக்கியது. தடையே இல்லை, வெண்ணெய்! நாளெல்லாம் ஒலிப்பதிவு கேட்டுத் தட்டச்சு செய்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? மணிக்கட்டு வலிக்காரர்கள் யோசிக்காமல் வாங்கலாம் என்று என் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

மார்ச் 6
அக்கா போன் செய்தாள். "உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்டி. பெட்டி பெட்டியா போகுது!" எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 19
வயதான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கீபோர்டோடு வீடு தேடி வந்தார். மணிக்கட்டில் பட்டை. நான் எழுதியதை நம்பி அக்கா கடையில் வாங்கியவர். "நீங்க சொன்ன மாதிரி இல்லையேம்மா. என் கைதான் கெட்டுப்போச்சோ?" அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு விசையும் மணலில் தேய்வதுபோல் கரகரவென்று இறங்கியது.

அவருடையதில் ஒரு சுவிட்சையும் என்னுடையதில் ஒன்றையும் பிரித்தேன். என்னுடையதில் மெல்லிய கிரீஸ், தூரிகையால் தடவியது. அவருடையதில் காய்ந்த பிளாஸ்டிக். என்னுடையதில் ஸ்பிரிங்கின் இரு முனையிலும் பொட்டு வைத்ததுபோல இருந்தது; அது அக்காவின் கைப்பழக்கம். எனக்குத் தெரியாதா?

மார்ச் 20
கேட்டேன். அக்கா மறுக்கக்கூட இல்லை. "எல்லாத்துக்கும் தடவ எனக்கு எத்தனை கைடி இருக்கு? உனக்கு அனுப்பினதுக்கு மட்டும் தடவினேன். கடைன்னா அப்படித்தான்."

அப்போ நான் யாரு? விளம்பரப் பலகையா? வேற யாராவது செஞ்சிருந்தா சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன். இவ — என் விரலையே பொய் சொல்ல வச்சுட்டாளே!

மார்ச் 21
நடந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். கடைக்காரி என் அக்கா என்பதையும் சேர்த்து.

மார்ச் 23
அம்மா: "வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்லுவியா? அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடலை."
நானும்தான் சாப்பிடவில்லை. யார் கேட்டார்கள்?

மார்ச் 29
மொழிபெயர்ப்பாளரின் சுவிட்சுகள் அத்தனையும் நானே பிரித்துத் தடவிக் கொடுத்தேன். அடித்துப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் முதுகு ஒடிந்துவிட்டது.

ஏப்ரல் 15
அக்கா வந்தாள், கையில் புதுக் கீபோர்டோடு. "ஆள் போட்டிருக்கேன். இனிமே எல்லாமே தடவித்தான் போகும். அடிச்சுப் பாரேன்." அடித்தேன். அருமையாக இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு," என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டீ குடித்தாள், பழையபடி கிண்டல் செய்தாள், போகும்போது என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அவள் தெரு திரும்பியதும் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கேட்டுக்கொண்டு, அவர் பெயரில் அதே கீபோர்டுக்கு ஆர்டர் போட்டேன். என் சொந்த அக்கா கடையில், முன்பின் தெரியாதவள் மாதிரி.