ரெஜினாவுக்குச் சொல்லாத உப்பு

11.7.92, சனி

என்னோடு படித்த ரெஜினா கொழும்புக்குப் படிக்கப் போகிறாள். அம்மா அவளை ஊரடங்குக்கு முன்னரே சாப்பிட அழைத்தார். பசும்பாலும் கோதுமை மாவும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் நான் அரிசிமாவை உருட்டி, தேங்காய்ப்பாலில் பனங்கட்டி கரைத்துப் பால்கொழுக்கட்டை செய்தேன்.

"நேவிக்காரர் இவளின்ர அப்பாவை மீன்பிடிக்கக் கடலுக்கு விட்டிருந்தா, இவளும் படிப்பை நிப்பாட்டாமல் உன்னோட படிச்சிருப்பாள்" என்று என்னைக் காட்டி ரெஜினாவிடம் சொன்னார் அம்மா. நான் கொழுக்கட்டை எடுத்துவரக் கோப்பைகளோடு குசினிக்குள் போய்விட்டேன்.

ரெஜினா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். "எப்பிடியடி செய்தனி? சொல்லு, எழுதுறன்" என்று கொப்பியைத் திறந்தாள். அவளுடைய எழுத்து முன்பைவிட அழகாகிவிட்டது. அளவெல்லாம் சொன்னேன். கடைசியில் போடும் சிட்டிகை உப்பை மட்டும் சொல்லவில்லை.

"இவ்வளவுதானோ?"

"ஓம்" என்றேன்.

கொழும்பில் அவள் செய்தால் சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.