மேலேயிருந்து பார்த்த கட்டில்

இன்று காலை டேப்லெட்டைத் திறந்ததும் திரையின் நடுவில் ஓர் அறிவிப்பு நின்றது. வரையும் செயலிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். இப்போதே மாற்றவா, பிறகு பார்க்கலாமா என்று கேட்டது. நான் 'பிறகு' என்பதைத் தொட்டேன். மூன்று வாரமாக அதைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். மாற்றினால் பழைய கோப்புகள் திறக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. திறக்கும் என்று உன் மகள் பிரான்சிலிருந்து போனில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோப்புகளில் ஒன்று உன் வீடு.

"ஒரு பட்டனை அமுக்க மூணு வாரமா, ஸ்கேலு?" என்று நீ கேட்டிருப்பாய். கையில் எப்போதும் அளவுகோலோடு இருப்பேன் என்பதால் நீ எனக்கு வைத்த பெயர் அது. நம் அலுவலகத்தில் முப்பது வருஷம் நான் வரைபடம் போட்டேன். நீ ஓவர்சியராக அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று கட்டினாய். நான் போட்ட கோடு ஒவ்வொன்றையும் என்னைத் தவிர வேறொருவர் முழுதாகப் படித்தார் என்றால் அது நீதான்.

குரும்பகரம் பக்கம் மதகு பார்க்கும் ஆளுக்கு ஓர் அறை கட்ட வேண்டியிருந்தது. நான் அந்தத் தாளை இரண்டு முறை சரிபார்த்துத்தான் அனுப்பினேன். மறுநாள் நீ அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாய். யாருக்கும் கேட்காதபடி குனிந்து, "உள்ள ஆளை உக்கார வச்சிட்டே கட்டிடவா?" என்றாய். நான்கு சுவரும் இருந்தன, ஜன்னல் இருந்தது, கதவு இல்லை. அரை பிளேடால் மையைச் சுரண்டி, கதவுக்கு ஒரு கோடும் அது திறக்கும் பக்கத்துக்குக் கால் வட்டமும் போட்டுக் கொடுத்தேன். அன்று நீ சத்தமாகச் சிரித்திருந்தால் நான் மாற்றல் கேட்டுப் போயிருப்பேன்.

போன வருஷம் மாசியில் உனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. எழுத்தைக் காட்டினாலும் அடையாளம் தெரியவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'அப்பறம்'. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். பயிற்சி கொடுக்க வந்த பெண், படங்களைக் காட்டித் தொடச் சொல்லிப் பழக்கலாம் என்றாள். உன் மகள் உடனே ஒரு டேப்லெட்டை அனுப்பி, அதற்கென்றே இருக்கும் செயலி ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தாள். அதில் சாப்பாடு என்றால் ரொட்டியும் முள்கரண்டியும். குளிப்பது என்றால் நுரை ததும்பும் தொட்டி.

"இது என்னண்ணே, மாட்டுத் தொட்டி மாதிரி இருக்கு? இதுல இவரை எப்படிப் போடுறது?" என்றாள் உன் மனைவி ஸ்டெல்லா. நீ டேப்லெட்டை இடது கையால் தள்ளிவிட்டாய்.

அப்போது உன் மகள் போனில் சொன்னாள். "அங்கிள், நீங்க டிராயிங் ஆளுதானே. நம்ம வீட்டுச் சாமான நீங்களே வரைஞ்சிடுங்களேன்."

"நான் பிளான் போடுற ஆளும்மா. படம் போடுற ஆளில்ல" என்றேன். அந்த வித்தியாசம் அவளுக்குப் புரியவில்லை. அழுத்திச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

எந்த மென்பொருளில் வரைவது என்று தேடத் தொடங்கினேன். என் வழக்கம் உனக்குத் தெரியும். முழுநீளத் தாளில் கட்டம் போட்டு, நான்கு செயலிகளை மேலேயும் கேள்விகளைப் பக்கவாட்டிலும் எழுதினேன். இணையம் இல்லாமல் ஓடுமா? கணக்குத் தொடங்கச் சொல்லுமா? பெரிதாக்கினால் கோடு உடையுமா? அடுக்கு உண்டா? அடுக்கு என்பதை லேயர் என்கிறார்கள். விஷயம் நம் டிரேசிங் தாள்தான். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கீழே உள்ளதைக் கெடுக்காமல் மேலே வரையலாம், வேண்டாததை மறைத்து வைக்கலாம். அதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஊருக்குத் திரும்பி வந்தது போலிருந்தது.

மற்றதெல்லாம் அப்படி இல்லை. முதல் செயலியில் நூற்றுக்கணக்கான தூரிகைகள் இருந்தன. எனக்கு வேண்டியது ஒரு பேனா. இரண்டாவது மாதச் சந்தா கேட்டது. மூன்றாவதில் கோடு எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையாக நின்றது, ஆனால் ஒரு வட்டம் போட ஆறு இடத்தைத் தொட வேண்டும். நான்காவது இலவசம், பொத்தான்களும் குறைவு. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று போட்டிருந்ததால் அதைக் கடைசியில் வைத்தேன். ஒவ்வொன்றையும் நான்கு நாள் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கண்ணாடிமேல் பேனா வழுக்கியது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் தானாகக் கோடு விழுந்ததால் கையை அந்தரத்தில் வைத்து வரைந்து மணிக்கட்டு வீங்கியது. பேனாவை மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி வைக்க ஓர் அமைப்பு உண்டு என்று பத்தாம் நாள்தான் தெரிந்தது. தவறு செய்தால் ஓர் அம்புக்குறியைத் தொட்டால் போதும், அது இருந்த இடமே தெரியாது. சுரண்டின தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன்.

இப்படிப் பதினாறு நாள் போயிற்று. பதினேழாம் நாள் மாலை உன்னைப் பார்க்க வந்தேன். பின்னறையில் படுத்திருந்தாய். எதையோ கேட்டாய். "தண்ணியா? டீயா? ஒண்ணுக்கு வருதா? எங்கயாச்சும் வலிக்குதா?" என்று ஸ்டெல்லா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நீ "அப்பறம்" என்றாய், முந்தியதைவிடச் சத்தமாக. கடைசியில் தம்ளரைத் தட்டிவிட்டாய். பிறகு சுவர் பக்கம் திரும்பி அழுதாய். நாற்பது வருஷப் பழக்கத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. ஒப்பீட்டுத் தாள் நான்காக மடிந்து என் சட்டைப் பையில் இருந்தது.

ஸ்டெல்லா தம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணே, நீங்க எதுல வேணா வரைங்க. கரித்துண்டால செவுத்துல வரைஞ்சாலும் சரி. இந்த மனுசன் என்ன கேக்குறாருன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் காலையே பிள்ளைகளின் செயலியில் பத்துப் படங்கள் போட்டேன். தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. அதில்தான் தொலைந்துபோக இடம் குறைவு. சாயங்காலம் உன் அறைக்குக் கொண்டுவந்து முதலில் ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

"இது என்னண்ணே, பிஸ்கட்டா?"

"கட்டில்மா. மேலேருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும்."

"மேலேருந்து யாருண்ணே பாக்குறா, ஆண்டவரா? சரி, இது? 'ப'னாவா?"

"தம்ளர். நடுவுல வெட்டிப் பாத்த மாதிரி."

"தம்ளரை எதுக்குண்ணே வெட்டணும்?"

அப்போதுதான் நான் செய்திருப்பது எனக்கே தெரிந்தது. கட்டில், மேசை, விசிறி எல்லாம் மேலிருந்து. தம்ளர், குடம் எல்லாம் குறுக்கே வெட்டி. கண்ணுக்குத் தெரிவது போல வரைய என் கைக்குத் தெரியவே இல்லை. டேப்லெட்டை மூடப் போனேன். உன்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. இடது கையை நீட்டினாய். கொடுத்தேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினாய். கதவின் மேல், அந்தக் கோட்டின் மேலும் கால் வட்டத்தின் மேலும், விரலை வைத்து அழுத்தினாய். அறைக் கதவைப் பார்த்தாய். "அப்பறம்" என்றாய், ஆளை வேலை ஏவும் குரலில்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். நீ மூச்சை விட்டாய். அத்தனை நாளும் கேட்டது அதுதான். வருகிறவர்கள் உன்னை எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று அவள் அதைச் சாத்தியே வைத்திருந்தாள். "கௌரவமா நடமாடுன மனுசன்ணே. வாய் ஒழுகக் கெடக்குறதை ஊரு பாக்கணுமா?" என்றாள் என்னிடம், கூடத்துக்கு வந்து.

அதன்பின் நான் படங்களை விட்டுவிட்டு உன் வீட்டை வரைந்தேன். அளவு நாடாவின் ஒரு முனையை ஸ்டெல்லா பிடித்தாள். பின்னறை அகலம் பத்தேகால் அடி என்று சொன்னேன். நீ தலையை ஆட்டி மறுத்தாய். மறுபடி அளந்தேன், பத்துதான். நீ கட்டிய வீடு. சுவர்கள் ஓர் அடுக்கில், கதவு ஜன்னல் ஓர் அடுக்கில், கட்டிலை மட்டும் தனி அடுக்கில் வைத்தேன். அப்படி வைத்தால் விரலால் இழுத்து நகர்த்தலாம். நீ சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தாய். பிறகு கட்டிலைத் தொட்டு இழுத்தாய். மெதுவாகக் கதவுவரை வந்தது. ஆறடி நீளக் கட்டில், மூன்றரை அடிக் கதவு. நிறுத்தினாய். இரண்டு விரலால் அதைப் பக்கவாட்டில் திருப்பி, நிலைக்கால் இடிக்காமல் நுழைத்து, கூடத்தின் தெரு ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாய்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். உனக்காக யாராவது பேசியாக வேண்டும், அங்கே வேறு ஆளில்லை. நான் தவறாகப் படித்திருந்தால்? ஒரு விளையாட்டுக்கு நகர்த்தியிருந்தால்? ஆனாலும் சொன்னேன். "அவரு கூடத்துலதான் படுக்கணும்ங்குறாரும்மா. பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும்ங்குறாரு."

"அப்பறம்!" என்று கட்டிலைத் தட்டினாய்.

ஸ்டெல்லா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அங்க கெடக்குற பெஞ்சியை எங்க போடுறதாம்? அதையும் கேளுங்க."

ஆனியிலிருந்து ஐப்பசிவரை அந்த ஜன்னலடியில் இருந்தாய். ஸ்டெல்லா பயந்தது போல எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்காமலே, "என்னா ஓவர்சியரே, மத்தி கெடக்கு, எத்தன?" என்பாள். நீ விரலைக் காட்டுவாய். நான்கு என்றால் அவள் ஆறு போடுவாள், நீ "அப்பறம்" என்று சண்டை பிடிப்பாய். மழை பெய்த ஒரு காலையில், அதே இடத்தில், தெருவைப் பார்த்தபடியே போய்விட்டாய்.

போன வாரம் குரும்பகரத்துக்குப் போனேன். உனக்குப் பயிற்சி கொடுத்த பெண் மூலம் ஸ்டெல்லாவுக்குப் பழக்கமான ஓர் அம்மா. அவள் கணவர் சாகுபடிக்காரர், உன்னைப் போலவே விழுந்துவிட்டார். "ஒங்ககிட்ட ஏதோ படம் இருக்காம்ல, ஐயா" என்று போன் செய்தாள். டேப்லெட்டும் நாடாவுமாகப் பஸ் ஏறினேன். வீட்டை அளந்து, அங்கேயே உட்கார்ந்து பிளான் போட்டுக் காட்டினேன். இப்போது எனக்குக் கை வேகம்தான். அவர் அதைப் பார்த்தார், மரியாதைக்குப் பார்த்தார். கட்டிலைக் காட்டினேன், கதவைக் காட்டினேன். கண்ணில் ஒன்றும் அசையவில்லை.

கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. உனக்கு என் படங்கள் புரிந்ததற்கு நான் நன்றாக வரைந்தது காரணமில்லை. நீ முப்பது வருஷம் என் கோட்டைப் படித்தவன். அந்தப் பாஷை தெரிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது ஒருவர். இரண்டு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம் என்று நாடாவைச் சுற்றினேன். அதற்குள் அவர் விரல் திரையில் ஒன்றைத் தொட்டிருந்தது. மின்விசிறி, மூன்று இறக்கையோடு நான் மேலிருந்து போட்டது. படுத்திருப்பவருக்குக் கீழிருந்தும் அது அப்படியேதான் தெரியும்.

அந்த அம்மாவிடம் ஒரு பாய் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துப் படுத்தேன். முன்பின் தெரியாத வீட்டில், இந்த வயதில், கூச்சமாகத்தான் இருந்தது.

"ஐயா, என்னாங்க பண்ணுது? தண்ணி கொண்டாரவா?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்லம்மா. இங்கேருந்து அவருக்கு என்னென்ன தெரியுதுன்னு பாக்குறேன்."

தலைக்கு நேரே விசிறி. ஜன்னலில் மேல்பாதியும் தென்னையின் கொண்டையும் மட்டும். முக்காலியின் விளிம்பைத் தாண்டி நிற்கும் சொம்பின் வயிறு. கட்டில் உயரத்துக்கு ஒன்றரை அடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அவர் தலையைத் திருப்பி, கட்டில் ஓரத்திலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார். டேப்லெட்டை வயிற்றின் மேல் சாய்த்து, புதுத் தாள் ஒன்றைத் திறந்து, சொம்பிலிருந்து தொடங்கினேன்.