குரவைக்கு வராத உதடு

19.1.1954, செவ்வாய்

மழை விட்டது. சுல்பிகாவின் கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. வெள்ளாமை வெட்டி முடிய, றஜபு மாதம் பிறந்ததும். மாப்பிள்ளை சம்மாந்துறை. இந்த வீடு இனி மகளுக்கு. நானும் இவரும் பின்வளவில் கட்டுகிற சின்ன வீட்டுக்குப் போவோம். உம்மாவும் எனக்கு இப்படித்தான் தந்துவிட்டு ஒதுங்கினா.

பாத்தும்மா மதினி வந்தா. இவருடன் பிறந்த மூத்த ராத்தா, என்னைவிட ஒரு வயது மூப்பு. மாப்பிள்ளை வரும்போது நாக்கைச் சுழட்டிக் குரவை விட ஆள் சொல்லணுமா எண்டு கேட்டா. என்ர மகள்ர கலியாணத்துக்குக் குரவைக்கு வெளியாளா? சாய்ந்தமருதில் எந்த மாப்பிள்ளை படியேறினாலும் முதல் குரவை என்னுடையதுதானே. சிரித்து அனுப்பினேன்.

24.1.1954, ஞாயிறு

சுபஹுத் தொழுகைக்கு வுளூ எடுக்கும்போது கொப்பளித்த தண்ணீர் வாயில் நிற்கவில்லை. வழிந்து சட்டையெல்லாம் ஈரம். கண்ணாடியில் பார்த்தேன். யா அல்லா. வாய் இடப்பக்கம் இழுத்துக் கிடக்கிறது. கதைத்தால் சொல் கொழகொழ என்கிறது.

இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து கார் பிடித்துக் கல்முனை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனார். கை கால் எல்லாம் தட்டிப் பார்த்த அப்போத்திக்கரி, இது பாரிசவாதம் இல்லை, முகத்து நரம்பு ஒன்று வீங்கிப் படுத்திருக்கிறது என்றார். அநேகம் பேருக்குத் தானாகத் திரும்புமாம். எப்போது என்று கேட்டேன். சொல்ல ஏலாது என்றார். நல்ல மனிசன், பொய் சொல்லவில்லை.

28.1.1954

குரவை விட்டுப் பார்த்தன். காத்துதான் வருது.

2.2.1954, செவ்வாய்

பகலெல்லாம் பழைய நினைப்பு. நானும் மதினியும் குமருகளாக இருந்த காலம். அந்தியில் கடற்கரைக்கு ஓடுவோம். தோணி கரைக்கு வரும்போது ஆருடைய குரவை தோணிக்காரர் காதில் விழுகிறது என்று போட்டி. அலை இரைச்சலுக்கு மேலே போக வேணும். அவவுக்கு மூச்சு நீளம், எனக்கு நாக்கு வேகம். ஒருநாள் வலைக்காரர் ஒருவர், மீனெல்லாம் பயந்து ஓடுது, ஊட்டுக்குப் போங்கடி எண்டு துரத்தினார். ஓடும்போதும் அவ குரவை விட்டுக்கொண்டே ஓடினா.

எங்கட மாமிர மகன்தான் இவர். ஆனாலும் தன் உடன்பிறந்த மூத்த காக்காவின் கலியாணத்தில், வேலிக்கு அங்கால நின்று, அந்தக் குரவை ஆர்ர எண்டு மதினியிடம் கேட்டாராம். என்ர எண்டு அவ பொய் சொல்லியிருக்கிறா! அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருசம் சிரித்தோம். யுத்த காலத்தில் கூப்பனுக்குப் புடவை வாங்கிச் செய்த கலியாணங்களிலே பந்தியில் சோறு குறைவு, குரவைக்குக் குறைவில்லை.

இப்போது சிரித்தாலும் பாதி முகம்தான் சிரிக்கிறது.

6.2.1954, சனி

மதினி சொல்லிவிட்டா. "நீ அறைக்குள்ள இரி புள்ள, குரவைய நான் பாத்துக்கொள்றன்." ஆறுதலாகத்தான் சொன்னா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இத்தனை வருசம் காத்திருந்தாவாக்கும். ஓதின தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. குடித்தேன், அதுவும் பாதி வழிந்தது.

10.2.1954, புதன்

சைக்கிளில் பட்டு மூட்டை கட்டி விற்கிற சீனாக்காரன் சாங், இவருடைய கடையில் தேத்தண்ணி குடிப்பான். இவர் என் நோவைச் சொல்லியிருக்கிறார். அவனுடைய வாப்பா ஊரில் ஊசி குத்தி வாதம் பார்க்கிறவராம். இவனும் படித்திருக்கிறான். மருந்து போடுகிற ஊசி இல்லை, மயிர்போல மெல்லிய வெறும் ஊசி. சுகமாகும் என்று சத்தியம் பண்ண மாட்டானாம், சில பேருக்குக் கேட்டிருக்கிறதாம்.

இவர் பள்ளி லெப்பையிடம் விசாரித்தார். நோய்க்கு வைத்தியன் பார்க்கலாம், நீங்களும் கூட இருங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் திரை கட்டச் சொன்னது நான். கையை மட்டும் நீட்டுவேன் என்றேன். கைப்பெருவிரலுக்குப் பக்கத்துச் சதையிலிருந்து முகத்துக்கு வழி இருக்கிறது, கையே போதும், பார்ப்போம் என்றானாம் அவன்.

என்ன அடக்கமான பொண்டு என்று ஊர் நினைக்கும். அடக்கமும் இல்ல, ஒண்டுமில்ல. இந்தக் கோணல் வாயை ஒரு பிற மனிசன் பாக்கிறதா? அவ்வளவுதான்.

12.2.1954, வெள்ளி

திரைக்கு அப்பாலிருந்து சாங் எந்தப் பக்கம் என்று கேட்டான். இவர் இடப்பக்கம் என்றார். நானும் ஓம் என்றேன். அதற்கேற்றபடி குத்தினான். எறும்பு கடித்ததுபோல ஒன்று, பிறகு கை முழுக்க ஒரு பாரம்.

20.2.1954, சனி

மூன்று தரம் வந்துவிட்டான். ஒரு மாற்றமும் இல்லை. சுல்பிகா கூறைப்புடவையை எடுத்துக் காட்ட வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் புடவையையே பார்த்துக் கதைத்தாள். மகள்தானே. என்ன சொல்ல.

23.2.1954, செவ்வாய்

இன்று சாங் ஊசியை எடுக்கவில்லை. தண்ணீர் குடித்தால் எந்தப் பக்கம் வழிகிறது என்று கேட்டான். வலம். எந்தக் கண் மூடவில்லை? வலம். பிறகு தன் கடைத்தமிழில் மெதுவாகச் சொன்னான்: "அம்மா, இழுக்கிற பக்கம் பலமான பக்கம். மற்றப் பக்கம்தான் நித்திரை."

ஒரு தரம் முகத்தைக் கண்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். மூன்று தரமும் பக்கம் மாறிக் குத்தியாயிற்று, திரைதான் கெடுத்தது. இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு வெட்கமா கோபமா தெரியவில்லை. எழும்பித் திரையை நானே இழுத்துவிட்டேன். முக்காட்டைச் சரிசெய்து அவன் முன்னால் இருந்தேன். பாருங்க எண்டேன். அவன் சிரிக்கவில்லை. கன்னத்திலும், புருவத்துக்குக் கீழும், காதுக்குப் பின்னும் குத்தினான்.

அறைக்கு வெளியே வந்தபோது அப்பாடா என்றிருந்தது. முகம் அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும்.

5.3.1954, வெள்ளி

வலக்கண் மூடுகிறது. முழுக்க இல்லை, ஆனால் மூடுகிறது. சுல்பிகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதாள். உதடு இன்னும் தொங்கல். கலியாணத்துக்கு வராது போல.

15.3.1954, திங்கள்

நேற்றுக் கலியாணம் முடிந்தது. எழுதாமல் இருக்க ஏலாது.

மஃரிப் தொழுது மாப்பிள்ளை வந்தார். பைத்துப் பாட்டு ஓதிக்கொண்டு, பெட்றோல்மக்ஸ் வெளிச்சத்தில், ஒழுங்கை நிறைய ஆட்கள். அறைக்குள்ளே இருக்க எனக்கு மனமில்லை. கதவோரம் பொண்டுகளோடு நின்றேன். மாப்பிள்ளைக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த நேரம்தான் குரவை எழும்ப வேணும். ஆரும் விடவில்லை. எல்லாக் கண்ணும் மதினியைப் பார்த்தது. அவ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா.

நான் வாயைத் திறந்தேன். காத்து. இன்னொரு தரம். காத்து. யா அல்லா, செத்துப் போகலாம் போலிருந்தது.

மதினி என் வலப்பக்கம் வந்து நின்றா. உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்து, தொங்கின உதட்டை மேலே தள்ளிப் பிடித்தா. "இப்ப உடு புள்ள" எண்டா.

வந்திச்சு! பழைய குரவை இல்லை, கொஞ்சம் உடைசல். ஆனாலும் என்ர குரவை. ஒழுங்கைத் தலைப்பு வரைக்கும் போச்சு. நான் மூச்செடுத்த பிறகுதான் அவ தன்ர நீளக் குரவையைத் தொடங்கினா, மற்றப் பொண்டுகளும் சேர்ந்தாளுகள். என் கன்னத்திலிருந்து அவ கையை எடுக்கவேயில்லை. கையெல்லாம் என் கண்ணீரும் எச்சிலும். உள்ளே சுல்பிகா அழுகிற சத்தம் கேட்டது.

24.4.1954, சனி

சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். முகம் நேராகிவிட்டது என்கிறார்கள். ஊசிதான் என்கிறார் இவர். அப்போத்திக்கரி, நான் அப்பவே சொன்னேனே என்றாராம். மதினிக்குச் சந்தேகமே இல்லை, ஓதின தண்ணி. சாங் பொத்துவில் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருக்கிறான். வந்தால் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்க வேணும். முகத்தை நேராக்கினது எது எண்டு எனக்குத் தெரியாது.

மருதமுனையில் ஒரு கலியாணம். குரவைக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். ஓம் என்றேன். மதினியும் வருவா, எனக்கு வலப்பக்கத்தில் அவவுக்கு இடம் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.