நீங்கள் சொல்லாததைச் சொன்னேன்

அம்மா, அப்பா குசினி மேசையில் இருந்து தோடம்பழம் உரிக்கிறார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வரவேண்டும் என்று அவருக்கு ஒரு வீறாப்பு. அறுந்தால் பழத்தோடு கோபிக்கிறார். எசன் நகரில் இன்றைக்கு நல்ல வெயில், யன்னல் எல்லாம் திறந்துதான் கிடக்கிறது, ஆனாலும் அந்த மணம் வீட்டைவிட்டுப் போகவில்லை. அங்கே இருக்க ஏலாமல் எழும்பி என்னுடைய பழைய அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டேன். முப்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது வாங்கித் தந்த மேசையில் முழங்கால் இடிக்க இடிக்க இருந்து எழுதுகிறேன். நான் விளையாடின கூடைப்பந்துக் கழகம் தந்த வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

நீங்கள் தோடம்பழத்தை வெட்டி, ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவிக்கொண்டு வருவீர்கள். "மட்ச் எண்டால் அரைநேரத்துக்குத் தோடம்பழம் வேணும். நாங்கள் யாழ்ப்பாணத்தில அப்பிடித்தான் விளையாடினனாங்கள்." ஜெர்மன் பிள்ளைகள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு மண்டபத்துக்குள் நீங்கள் வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

என்னுடைய முதல் போட்டி நினைவிருக்கிறதா? நான் பந்தைத் தட்டித் தட்டி ஓடுகிறேன். நீங்கள் பார்வையாளர் வரிசையில் எழும்பி நின்று நடுவரைப் பார்த்துத் தமிழில் கத்துகிறீர்கள். "ஏன் உந்த மனிசன் விசில் ஊதேல்லை? பிள்ளை பந்தோட ஓடுறாள், அது பிழையெல்லோ!" உலகத்திலேயே சொந்தப் பிள்ளைக்கு எதிராக நடுவரிடம் முறையிட்ட ஒரே தாய் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது, கூடைப்பந்தில் தட்டிக்கொண்டு ஓடலாம் என்று அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பாவும் நானும் விளங்கப்படுத்தினோம். "அப்ப உது களவு விளையாட்டு" என்று சொல்லிவிட்டுப் புட்டைக் குழைத்தீர்கள். அடுத்த கிழமை முதல் ஆளாய் வந்து இருந்தீர்கள்.

வலைப்பந்தில் எல்லாரும் வளையத்துக்கு எறிய முடியாது. ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த உரிமை. யாருக்கு என்ன வேலை என்பது நெஞ்சில் எழுத்தாய்த் தொங்கும். நீங்கள் ஜீ.எஸ்., கோல் ஷூட்டர், எறிகிறதற்கென்றே நிற்கிறவள். "நான் ஜீ.எஸ்." என்று நீங்கள் சொல்லுவது, சிலபேர் நான் இன்னாருடைய மகள் என்று சொல்லுவார்களே, அந்த மாதிரி இருக்கும். வளையத்துக்குக் கிட்ட நான் பந்தோடு ஒரு நொடி நின்றால் போதும், முழு மண்டபத்துக்கும் கேட்கிற மாதிரி, "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? எறியடி!" என்னுடைய ரீமில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

இதையெல்லாம் உங்களுக்கே ஏன் சொல்கிறேன் என்றால், இனிச் சொல்லப்போவது வெட்கக்கேடு. அதற்குப் பக்கத்தில் இவை நிற்கவேண்டும்.

இந்த முறை நாங்கள் அரையிறுதி வரைக்கும் வந்தோம். அதில் கடைசிப் போட்டி, வென்றால் இறுதிக்கு, தோற்றால் வீட்டுக்கு. ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். நேரம் முடியப் போகிறது. பந்து என் கையில். எனக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை, அம்மா. இடதுபக்கம், வளையத்துக்குக் கிட்ட, நான் நித்திரையிலும் போடக்கூடிய இடம். பதினைந்து வருசமாய் அந்த எறிக்குத்தான் எனக்குச் சம்பளம். விழாவிட்டால் என்ற ஒரு நினைப்பு வந்தது, வந்தது போகவில்லை. மூலையில் நின்ற லேனாவுக்குப் பந்தை எறிந்தேன். லேனா இந்த வருசம்தான் ரீமுக்கு வந்தவள், இருபத்திரண்டு வயது. அவள் பந்தை எதிர்பார்க்கவே இல்லை, அவளுக்கு முன்னால் ஒரு நெட்டைப் பெண் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். பாவம், எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே போனது. எங்களுடைய வருசம் முடிந்தது.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் பயம். பயந்தேன் என்றால் நீங்கள் ஏசிப்போட்டு விட்டிருப்பீர்கள். ஆனால் வெளியே வந்தபோது ஒரு பெண் மைக்கை நீட்டி, ஏன் நீங்களே எறியவில்லை என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் அம்மா இலங்கையில் வலைப்பந்து ஆடியவர். அவர் இப்போது இல்லை. உன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவளுக்குப் பந்தைக் கொடு என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தவர்." நல்ல ஜெர்மனில், தடுமாறாமல், ஏற்கெனவே பாடமாக்கி வைத்தவள் மாதிரிச் சொன்னேன். மைக் பிடித்தவளுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. சீ, அதை நினைக்கத்தான் உடம்பு கூசுகிறது. செத்துப்போன தாயைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் நிறுத்திப்போட்டு, அவவுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன்.

அந்த வீடியோ எங்கட சனத்துக்குள் எப்படிப் பரவியது என்று கேட்கவேண்டாம். கோயில் திருவிழாவுக்குப் போனேன். தேர் இன்னும் வெளிக்கிடவில்லை, அதற்குள் சறோ அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டா. உங்களோடு ஒரே தொழிற்சாலையில் பொதி கட்டின அதே சறோ அன்ரிதான். "கொம்மா வளத்த வளர்ப்படி! எனக்கு அழுகை அடக்க ஏலாமல் போட்டுது" என்று கட்டிப்பிடித்து அழுதா. அழுது முடிந்த கையோடு, "சரி, இனி உந்த ஓட்டம் போதும்தானே பிள்ளை? ஒரு நல்ல இடம் இருக்கு, டுசல்டோர்ஃப் பெடியன்" என்றா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று தலையாட்டிவிட்டு, ஸ்பெயினில் இருந்து இரண்டு கழகம் கேட்கிறார்கள் என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. என்னுடைய முகவர் போன் எடுத்தாலே, "உங்கள் வயதில் கொஞ்சம் பொறுமை வேண்டும்" என்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் லேனாவின் செய்தி வந்தது. "எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள். ஆனால் நீங்கள் என்னை நம்பிப் பந்தைத் தந்தீர்கள், அதை ஒருநாளும் மறக்கமாட்டேன்." ரயிலில் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். ஒரு இதயப் படத்தைப் பதிலாய் அனுப்பினேன், அம்மா. உங்கள் மகள் அதையும் செய்தாள்.

கழகம் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. அப்பா ஒவ்வொரு நாளும் காலையில் கேட்டார், "பிள்ளை, ஃபெர்லெங்கெருங் வந்ததோ?" விசா நீட்டுகிறதுக்கு அலைந்த காலத்தில் நீங்கள் இரண்டுபேரும் பயந்து பயந்து சொன்ன அதே ஜெர்மன் சொல், நீட்டிப்பு. ஒருமுறை போட்டி சமநிலையில் முடிந்து, ஒலிபெருக்கியில் ஃபெர்லெங்கெருங் என்று அறிவித்தபோது, மேலதிக நேரம் என்று விளங்காமல், "ஐயோ, இஞ்சையுமோ? நான் பாஸ்போட் கொண்டுவரேல்லை" என்று அப்பா சட்டைப்பையைத் தடவினார். நீங்கள் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பியது. இப்போது அவர் கேட்கும்போது சிரிப்பு இல்லை. இல்லை அப்பா என்பேன். "வரும், வரும்" என்பார். அந்தக் காலத்தில் உங்களுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

பிறகு ஒரு போன் வந்தது. தென்பக்கத்துக் கழகம் ஒன்று. அதன் மேலாளர் ஒரு பெண், நல்ல மனுசி. ஒரு வருச ஒப்பந்தம் தருகிறோம் என்றார். நான் துள்ளாத குறை. "உங்கள் ஆட்டத்துக்காக மட்டும் இல்லை" என்றார். "அந்தப் பேட்டிக்காக. எங்கள் இளம் பெண்களுக்கு அப்படி ஒருவர் வேண்டும். தன்னை முன்னுக்கு வைக்காத ஒருவர். உங்களை அறிவிக்கும்போது உங்கள் அம்மாவின் கதையோடு அறிவிக்க விரும்புகிறோம். அவர் விளையாடுகிற படம் ஏதும் இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். என் வாய்தான் சொன்னது.

படம் எங்கே என்று அப்பாவுக்குத்தான் தெரியும். கேட்டவுடனே எடுத்துவந்து, உடுப்பில் துடைத்து மேசையில் வைத்தார். இரட்டைப் பின்னல், ரிபன், வெயிலுக்குச் சுருங்கின கண், நெஞ்சில் பெரிதாய் ஜீ.எஸ்., கை இரண்டும் தலைக்கு மேலே, பந்து அப்போதுதான் விரலை விட்டுப் போகிறது. அப்பா அதைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"வீடியோ பாத்தனான்" என்றார். "எல்லாரும் அனுப்பினவை."

நான் படத்தை மேசையில் நேராக்கி வைத்தேன்.

"கொம்மா எப்ப பிள்ளை அப்பிடிச் சொன்னவ?"

கோபமாய்க் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், உங்களுக்கு என் வாய் தெரியும்தானே. அவர் உண்மையாய்த் தெரியாமல் கேட்டார். தான் வேலைக்குப் போன நேரம் நாங்கள் இரண்டுபேரும் பேசின ஏதோ ஒன்று தனக்குத் தெரியாமல் போய்விட்டதாக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று ஆசையாய்க் கேட்டார். உங்களைப் பற்றி அவருக்குப் புதிதாய் ஒன்று கிடைக்கப் போகிறது என்று இருந்தார், அம்மா. நான் தலையைக் குனிந்தேன். "சொல்லேல்லை அப்பா. நான் பயந்துபோனன். அதை மறைக்கத்தான் அப்பிடிச் சொன்னனான்." அவர் படத்தை எடுத்துத் திரும்பவும் துடைத்தார். "ம்ம். எனக்கும் ஐமிச்சமாய்த்தான் இருந்தது. அவள் ஆருக்குப் பந்து குடுத்தவள்?" என்றார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரி அறைதான் கண்ணுக்குள் நின்றது. மருந்து பலிக்கவில்லை என்று டொக்டர் சொல்ல, நான் மொழிபெயர்க்க மனமில்லாமல் வார்த்தைகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் என் கையைத் தட்டினீர்கள். "எறிஞ்சம், விழேல்லை. அவ்வளவுதானேயடி?" பள்ளிக்கூடத்துக் கடைசி மட்ச்சில் நீங்கள் எறிந்த கடைசிப் பந்து விழவில்லையாம், பஸ்ஸில் எல்லாரும் அழ, நீங்கள் எழும்பி நின்று சொன்னீர்களாம், "எறிஞ்சன், விழேல்லை. அழுறவை அழுங்கோ, எனக்குப் பசிக்குது." அந்தக் கதையை அன்றைக்குத்தான் முழுவதாய்ச் சொன்னீர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று டொக்டர் என்னைக் கேட்டார். எனக்கு ஜெர்மனில் சொல்லத் தெரியவில்லை.

நேற்று முதலில் லேனாவுக்குப் போன் எடுத்தேன். உன்னை நம்பித் தரவில்லை, எனக்குப் பயம், அதை உன் தலையில் போட்டேன் என்றேன். அவள், "இரண்டு மாதமாய் எனக்கு நித்திரை இல்லை, தெரியுமா?" என்றாள். வைத்துவிட்டாள். வைத்தது சரிதான்.

அடுத்து மேலாளர். படம் கிடைத்ததா என்று மகிழ்ச்சியாய்க் கேட்டார். கிடைத்தது, ஆனால் அதில் இருக்கிறவர் அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை என்றேன். அவர் எறிகிறவர், பந்தைக் கொடுத்தவள் நான், கொடுத்ததும் பெரிய மனத்தினால் இல்லை. மறுபக்கம் பேனை ஒன்றை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. "உங்கள் அம்மா அந்த இடத்தில் நின்றிருந்தால் போட்டிருப்பாரா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். "எறிந்திருப்பார்."

பயிற்சியாளரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவருடைய குரலில் முன்பிருந்த இனிப்பு இல்லை. இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கிழமை வேலையில்லாதவர்கள் பதிகிற அலுவலகத்தில் எனக்கு ஒரு தெர்மீன், வரச்சொன்ன நேரம், இருக்கிறது. வேறு என்ன படித்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டும். கோயிலில் கேட்டாலும் இனி ஸ்பெயின் இல்லை.

வெட்கம் குறையும் என்று நினைத்துத்தான் எல்லாருக்கும் சொன்னேன். குறையவில்லை, அம்மா. கூடத்தான் கூடியிருக்கிறது. உங்களுக்கு ஒரு பந்து விழாமல் போனது, அதை உயிர் போகுமட்டும் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். நானும் உங்களைப் போல எழும்பி நின்று "விழேல்லை" என்று சொல்லிப்போட்டுச் சோற்றைச் சாப்பிடலாம் என்று பார்க்கிறேன். வாய் வருகுதில்லை. எறிந்தவளுக்குத்தானே அம்மா அந்தச் சொல்.