பலகையில் வராத வசனம்

மார்ச் 19, ட்ரோம்சோ

காலையிலிருந்து ஈரப்பனி. ஒத்திகைக் கூடத்தில் ஹீட்டர் மறுபடியும் மக்கர். கோட்டைக் கழற்றாமலே மூன்றாம் அங்கத்தை ஓட்டினோம். மீனவத் தலைவனாக ஹால்வார், அவன் மனைவியாக நான். என் தம்பியை நான் ஒளித்து வைத்தது தெரிந்து அவன் என்னை அடிக்கிற காட்சி. அவன் என் தலைமுடியைப் பிடிப்பதுபோல் கையை வைப்பான். நானே அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு பின்னால் சாய வேண்டும். இழுப்பது நான்தான், அவன் கை சும்மா இருக்கும். மேடைச் சண்டை சொல்லிக்கொடுத்தவர் ஓஸ்லோவுக்குத் திரும்பிவிட்டார்.

இத்தனை வருடமாக வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, பிணம். நாற்பத்துநாலு வயதில் இப்போதுதான் முதல் பெரிய வேடம். இந்த வசந்தம் முழுக்க ஊர் ஊராகப் போகிறோம்: நார்விக், பிறகு எல்லை தாண்டி ஸ்வீடனில் லூலியோ, உமியோ, அங்கிருந்து கப்பலில் பின்லாந்து.

மார்ச் 27

முதல் காட்சி. அவன் நிஜமாகவே முடியைப் பிடித்து இழுத்தான். கொத்தாக வந்துவிட்டது. மேசை விளிம்பில் நெற்றி மோதியது. நான் அலறியது நடிப்பில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. குனிந்து வணங்கும்போது என் காதருகே சொன்னான்: "பாத்தியா, இன்னிக்குத்தான் நீ நடிச்சே."

மார்ச் 28

"இங்கெலினின் பயம் நம் எலும்புக்குள் இறங்குகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். இதுவரை என் பெயரைச் சரியாகக்கூடப் போடாத பத்திரிகை இது. திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதுதான் அசிங்கம்.

இயக்குநர் சுன்னிவாவிடம் நெற்றியைக் காட்டினேன். "ஐயோ, வீங்கிப்போச்சே," என்று ஐஸ் கொண்டுவந்தாள். "அவன்கிட்ட சொல்றேன். ஆனா இங்கெலின், நேத்து அந்தக் காட்சி உசுரோட நின்னுச்சு. அத நீயும் ஒத்துக்கணும்."

ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, நார்விக்

விலாவில் உதைத்தான். நாடகத்தில் உதையே கிடையாது. மூச்சை இழுத்தால் குத்துகிறது.

பேருந்தில் அவன் இருக்கைக்கே போய் நின்று கேட்டேன். "உதை எங்கேருந்து வந்துச்சு, ஹால்வார்?"

"அந்தாளுக்குள்ளேருந்து."

"அந்தாள் நீதான்."

"புகார் சொல்றியா, பயந்துட்டியா? பயமா இருந்தா எறங்கிக்கோ. மீன் ஃபாக்டரியில ஆள் எடுக்கறாங்களாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வேலைக்காரியாக நடிக்கும் மாரென் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 4

இருமக்கூட முடியவில்லை. இன்று இரண்டு காட்சி.

ஏப்ரல் 11, லூலியோ

கழுத்து.

நாடகத்தில் அவன் கழுத்தில் கைவைக்கும் இடம் உண்டு — ஒரு கை, விரல்கள் தளர்வாக. இன்று இரண்டு கைகள். கட்டைவிரல்கள் தொண்டைக்குழியில். அவன் கண்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அவனுக்குக் கோபமே இல்லை. அக்கறையாக, ஏதோ வேலையைச் சரியாக முடிக்கிறவன்போல இருந்தான். விளக்குகள் ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தன.

கண்ணைத் திறந்தபோது மாரென் தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தரையில் கிடந்தேன். அடுத்தது என் வசனம். சொன்னேன். ஏன் சொன்னேன்? எழுந்து போயிருக்கலாமே. கால் இல்லையா எனக்கு?

மேடை நிர்வாகி அஸ்லாக் என்னைக் கண்ணாடிமுன் உட்காரவைத்தான். "கண்ணைப் பாரு. வெள்ளையில ரத்தம் கட்டியிருக்கு. நாளைக்கு மேடை ஏறாதே."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா நாடகம் இல்ல. ஊரா இடிஞ்சு விழுந்துரும்?"

ஏப்ரல் 12

சுன்னிவா எங்களைக் கூட்டிவைத்துப் பேசினாள். ஹால்வார் அழுதான். நிஜக் கண்ணீர். ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். "என்னை மீறிப் போயிடுது, இங்கெலின். இனிமே உன் மேல விரல் படாது." இன்றைய காட்சியில் படவும் இல்லை. காட்சி சப்பென்று போனது. கைதட்டலிலேயே தெரிந்தது.

அஸ்லாக் மட்டும் நம்பவில்லை. "ஏதாச்சும் ஆச்சுன்னா உன் சொந்தப் பேரைச் சொல்லிக் கத்து. நான் திரையை எறக்கிடறேன்."

ஏப்ரல் 19, உமியோ. மருத்துவமனை

நர்ஸிடம் பேனா வாங்கினேன். எழுதினால் தூக்கம் வருமா என்று பார்க்கிறேன்.

நேற்று அரங்கு நிறைந்திருந்தது. வசந்த விழா, ஊரே வந்திருந்தது. நாங்கள் நார்வேஜியனில் பேசுவோம். மேடைக்கு மேலே பலகையில் அதன் ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பு ஓடும். மூன்றாம் அங்கம் வந்தது. அவன் கதவைத் திறந்து வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. முடியைப் பிடித்தான். தலையை மேசையில் அடித்தான். மறுபடி. மூக்கு உடைந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. வாயெல்லாம் ரத்தம்.

"நான் இங்கெலின்!" என்று கத்தினேன். "என் பேரு இங்கெலின்! இது நாடகம் இல்ல! யாராச்சும் வாங்க!"

யாரும் அசையவில்லை. ஊசி விழுந்தால் கேட்கும். முதல் வரிசை முகங்கள் தெரிந்தன — வாய் திறந்து, கண் கலங்கி, அப்படி ரசித்துக்கொண்டு. ஒருத்தி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரையும் இறங்கவில்லை. திரையை இயக்குபவர் அந்த அரங்கத்து ஆள். அஸ்லாக் கத்தக் கத்த, "இப்ப இறக்கணும்னு குறிப்புல இல்லையே" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மேசைமேல் செம்புக் காபிக் கெட்டில். கனமானது. கைக்கு அகப்பட்டது. வீசினேன். அவன் தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. மண்டியிட்டான்.

இன்னொரு முறை வீசினேன். அப்போது அவன் என்னை விட்டுவிட்டிருந்தானா? தெரியவில்லை.

தெரியும்.

அஸ்லாக் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தான். அப்போது எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது. எல்லா இடத்துக்கும் பரவியது. நின்றுகொண்டு தட்டினார்கள்.

ஏப்ரல் 22

போலீஸ்காரப் பெண் இளவயது. மரியாதையாகத்தான் பேசினாள். பார்வையாளர்கள் பலரிடம் விசாரித்தார்களாம். "பிரமாதமான நடிப்புன்னு நெனச்சோம்," என்கிறார்களாம் எல்லோரும். மாரென், தான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டாள். ஹால்வாருக்குத் தாடை இரண்டாக உடைந்திருக்கிறது, பேச முடியாது. நான்தான் திடீரென்று வெறி பிடித்து அடித்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"ரெண்டு அடின்னு டாக்டர் சொல்றார். ரெண்டாவது அடிக்கறப்போ அவர் உங்களைப் பிடிச்சிருந்தாரா?"

"ஞாபகம் இல்ல."

ஏப்ரல் 30

விசாரணை முடியும்வரை இந்த ஊரிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று வசந்தத்தை வரவேற்கும் நாள். ஆற்றங்கரையில் பெரிய தீ மூட்டி, பாடகர் குழு பாடியது. அறைக்குள் முடங்கிக் கிடப்பதற்குப் பதில் போய்வரலாமே என்று போனேன். மூக்கில் பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே மஞ்சளும் ஊதாவும். மாணவர்கள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, பியர் பாட்டிலோடு நின்றார்கள். என்னைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

பாட்டு முடிந்ததும் குழுவிலிருந்து ஒரு பெண்மணி நேராக என்னிடம் வந்தார். அறுபது வயதிருக்கும். அகலமான தோள். கூன்போரி என்று பெயர் சொன்னார். ஊர்ப் பேருந்து ஓட்டுகிறாராம்.

"நான் முதல் வரிசையில இருந்தேன்."

முகத்தை உற்றுப் பார்த்தேன். கைக்குட்டையைக் கடித்தவர்தான்.

"நீ பேரைச் சொல்லிக் கத்தினியே, அது பலகையில வரல. மேல பார்த்தேன். வேற வசனம் ஓடிட்டு இருந்துச்சு. அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, பொண்ணே. புரிஞ்சும் எழுந்திருக்கல. எல்லாரும் உக்காந்திருக்காங்களேன்னு நானும் உக்காந்திருந்தேன்."

"போங்க இங்கேருந்து," என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது. அந்தத் தீக்குள் அவரைத் தள்ளிவிடலாம்போல இருந்தது. உண்மையிலேயே. கை தயாராக இருந்தது.

அவர் போகவில்லை. "நாளைக்குப் போலீஸ்ல சொல்லப் போறேன். அவன் உன்னை என்ன பண்ணினான்னு ஒண்ணுவிடாம சொல்வேன். ஆனா முழுசாத்தான் சொல்லுவேன். ரெண்டாவது அடி விழறப்போ அவன் உன்னை விட்டுட்டான். கையைத் தூக்கிட்டு இருந்தான். அதையும் சொல்லுவேன்."

தீ வெடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க," என்றேன்.

மே 2

நேற்று காலையில் அவருக்கு முன்பே நானே ஸ்டேஷனுக்குப் போய் இரண்டாவது அடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் சொல்லி நான் தலையாட்டுவதைவிட இது மேல்.

மே 9

மாரென் போன் பண்ணினாள். அழுகை மட்டும்தான் கேட்டது. வைத்துவிட்டேன்.

மார்ச் 12, உமியோ

கிட்டத்தட்ட ஒரு வருடமாக இதில் எதுவும் எழுதவில்லை. இன்று தீர்ப்பு. ஹால்வாருக்குச் சிறை. மாரென் கடைசியில் வந்து, பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னாள். எனக்கு முதல் அடி குற்றமில்லை, இரண்டாவது குற்றம். அபராதம். தாடை கோணிப்போன ஹால்வார் என்னைக் கடந்து போனான். அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வாசலில் கூன்போரி குல்லாயைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"என்மேல கோவமா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"இன்னிக்கு ரொம்ப."

"சரி. பசிக்குதா?"

சாப்பிட்டோம். என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் அவரே காலி செய்தார். பிறகு தயங்கித் தயங்கி, மாலை நாடகத்துக்கு டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொன்னார். "வேண்டாம்னா வேண்டாம்." அதே அரங்கம். போனேன். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

ஏதோ குடும்பக் கதை. இரண்டாம் அங்கத்தில் அப்பா வேடக்காரன் மகள்மேல் கையை ஓங்கினான். பக்கத்து இருக்கை சடக்கென்று மடங்கியது. கூன்போரி எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள், "உக்காருங்கம்மா, மறைக்குது" என்று சீறினார்கள்.

அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "நடிப்புதான். உக்காருங்க."

"நிச்சயமா தெரியுமா உனக்கு?"

அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தேன். அவளேதான் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றேன்.

அந்தக் கை கீழே இறங்கும்வரை அவர் உட்காரவில்லை.