சுவர் இருந்த இடம்

அக்காவுக்கு,

உன் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவில் நின்ற சுவரை நேற்று இடித்துவிட்டார்கள். நம் இரண்டு தெரு நாய்களும் அதற்குள் சமாதானமாகிவிட்டன.

நகரமைப்பு அலுவலகத்தில் உன் தெருவை முட்டுச்சந்தாக வரைந்தவனே நான்தான். வண்டி இரைச்சல் இல்லாமல் நீ நிம்மதியாக இருக்கட்டும் என்று வரைந்தேன். ஊர் பெருத்து, அதே சுவருக்குப் பின்னால் நானே வீடு வாங்குவேன் என்று கண்டேனா? உன் குக்கர் விசில் என் சமையலறையில் கேட்கும். உன் வாசலுக்கு வர நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நமக்குள் பேச்சு நின்றுபோன இந்த மூன்று வருடமாக அந்தச் சுற்று எனக்கு வசதியாகவும் இருந்தது.

“இனிமே தூரம்னு சாக்கு சொல்ல முடியாது,” என்று என் வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

காலையில் டேப் பிடித்து அளந்தேன். வாசலுக்கு வாசல் நூற்றுப் பத்து அடிதான். மனசு லேசாகிவிட்டது.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே வந்து மணியடிப்பதாக உத்தேசம். கை வராவிட்டால்தான் கதவுக்கடியில் செருகுவேன். ஆகவே, நீ இதைப் படிக்கிறாய் என்றால் உடனே வெளியே வந்து பார். எனக்கு முழங்கால் வலி. சுவர் இருந்த இடத்தை இன்னும் தாண்டியிருக்க மாட்டேன். ஒரு குரல் கொடு.

உன் தம்பி